டேக்வாண்டோவின் வயது என்ன? கொரிய, ஜப்பானியப் போர்க்கலைகளின் வரலாறு குறித்து ஒரு விவாதம்

வெண்பனி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். டேக்வாண்டோ பயிற்சிக் கூடங்களில் மாணவர்களுக்குத் தரப்படும் குறிப்பேடுகள் பலவற்றில் அக்கலை இரண்டாயிரம் ஆண்டுகள் பழமையானது என்றும், பண்டைக் கொரிய அரசான சில்லாவின் ஹ்வாராங் என்னும் உயர்குடி இளைஞர் குழுவினர் அதைப் பயின்றார்கள் என்றும் எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு நேர்மாறாக, ஜப்பானில் படித்துத் திரும்பிய கொரிய மாணவர்கள் 1940களில் கொண்டுவந்த கராத்தேயே பின்னாளில் பெயர் மாற்றம் பெற்றது என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள். இரு தரப்பினரும் மிகுந்த உறுதியோடு பேசினாலும், எழுதப்பட்ட ஆவணங்கள் எதைச் சொல்கின்றன என்பதை எடுத்துக்காட்டுவோர் குறைவு.

பழமைக்குச் சான்றாக வழக்கமாக மூன்று காட்டப்படுகின்றன: கோகுரியோ என்னும் பண்டைக் கொரிய அரசின் கல்லறைச் சுவரோவியங்கள், ஹ்வாராங் மரபு, சொக்குராம் குகைக் கோயிலின் காவல் வீரர் சிற்பங்கள். இவை எவ்வளவு தூரம் தாங்கும்? ஜப்பானியக் கலைகள் தமக்குச் சொல்லிக்கொள்ளும் பழமை இதைவிட வலுவானதா? படித்தறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

ஏடுதேடி எழுதியது:

நல்ல கேள்வி. மூன்று சான்றுகளையும் முதலில் பார்த்துவிடுவோம்.

கோகுரியோவின் பழைய தலைநகர்ப் பகுதியான, இன்று சீன எல்லைக்குள் இருக்கும் ஜியானில், முயோங்சோங் என்னும் கல்லறையின் சுவரில் இருவர் கைகளை நீட்டி எதிரெதிரே நிற்கும் காட்சி தீட்டப்பட்டிருக்கிறது. அருகிலுள்ள மற்றொரு கல்லறையில் இருவர் மற்போர் புரிகிறார்கள். அக்காலத்தில் மக்கள் வெறுங்கையால் மோதிக்கொண்டார்கள், அதைப் பார்த்து மகிழ்ந்தார்கள் என்பதற்கு இவை சான்று, அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு சுவரோவியத்தில் உறைந்து நிற்கும் கை நிலையிலிருந்து பயிற்சி முறையையோ ஆசிரிய மரபையோ வருவித்துக்கொள்ள இயலாது. சொக்குராம் சிற்பங்களுக்கும் இதுவே பொருந்தும். முஷ்டியை உயர்த்தி நிற்கும் அந்தக் காவலர் உருவம் சீனம், கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளின் பௌத்தக் கோயில் வாயில்களிலும் காணப்படும் வஜ்ரபாணி என்னும் காவல் தெய்வ மரபைச் சேர்ந்தது.

ஹ்வாராங் பற்றி நமக்குத் தெரிந்தவை பெரும்பாலும் 1145இல் தொகுக்கப்பட்ட சம்குக் சாகி, 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்னும் துறவி எழுதிய சம்குக் யூசா ஆகிய இரு நூல்களிலிருந்து வருகின்றன. உயர்குடி இளைஞர்கள் குழுவாகச் சேர்ந்து ஒழுக்கம் பேணியதையும், இசை பயின்றதையும், மலைகளிலும் ஆறுகளிலும் சுற்றித் திரிந்ததையும், போர்க்களத்தில் உயிர் கொடுத்ததையும் அந்நூல்கள் சொல்கின்றன. உதைக்கும் கலையையோ வெறுங்கைப் போரையோ அவர்கள் பயின்றதாக அவற்றில் இல்லை. வொன்குவாங் துறவி அருளிய ஐந்து நெறிகளை ஹ்வாராங்கின் நெறிகள் என்று இன்று எல்லாரும் எழுதுகிறார்கள். சம்குக் சாகியிலோ அவை குவிசான், சுஹாங் என்ற இரு நண்பர்களுக்குச் சொல்லப்பட்ட அறிவுரைகளாகவே வருகின்றன.

வெறுங்கைப் போர் உறுதியாகத் தலைகாட்டுவது சில்லாவுக்குப் பின் கொரியாவை ஆண்ட கோர்யோ அரசின் காலத்தில்தான். அங்கே அதன் பெயர் சுபாக். அந்நாட்டு வரலாற்றையே மாற்றிய நிகழ்ச்சி ஒன்றில் அது இடம்பெறுகிறது. 1170இல் உய்ஜோங் மன்னர் போஹ்யொன்வொன் என்னும் இடத்துக்குச் செல்லும் வழியில் படை வீரர்களைச் சுபாக் ஆடச் சொன்னார். வயது முதிர்ந்த தளபதி யி சோ-உங் ஆட்டத்தில் பின்வாங்கினார். உடனே ஹான் ரோய் என்னும் இளம் அரசவை அலுவலர் முன்வந்து அவர் கன்னத்தில் அறைய, தளபதி படிக்கட்டிலிருந்து கீழே விழுந்தார். மன்னரும் அருகிலிருந்தோரும் சிரித்தார்கள். நெடுங்காலமாகப் புகைந்துகொண்டிருந்த படையினரின் சினம் அன்றே வெடித்தது. ஜோங் ஜுங்-பு தலைமையில் எழுந்த கிளர்ச்சியில் அலுவலர்கள் வெட்டி வீழ்த்தப்பட்டார்கள்; மன்னர் அரியணை இழந்தார்; ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் நாட்டைப் படைத் தலைவர்களே ஆண்டார்கள். சுபாக் அரசவையில் மதிக்கப்பட்ட திறன் என்பதை இது காட்டுகிறது. ஆயினும் அதன் அடிமுறைகளை விளக்கும் கையேடு எதுவும் அக்காலத்திலிருந்து நமக்கு வந்து சேரவில்லை.

கையேடுகள் பிறந்தது பேரழிவுக்குப் பிறகு. 1592இல் ஜப்பானிய ஆட்சியாளர் ஹிதெயோஷியின் படைகள் புகுந்தபோது, வில்லையே பெரிதும் நம்பியிருந்த, அன்றைய கொரிய அரசான ஜோசொனின் படை, துப்பாக்கிக்கும் நெருக்கு வாட்போருக்கும் முன்னால் நிலைகுலைந்தது. உதவிக்கு வந்த சீன மிங் அரசின் படையினரிடமிருந்து, தளபதி சி ஜிகுவாங் எழுதிய பயிற்சி நூலைக் கொரியர் பெற்றார்கள். அதைக் கொண்டு ஹான் க்யோ என்னும் அலுவலர் 1598இல் முயெஜெபோவைத் தொகுத்தார். தடி, கேடயம், கிளைகளோடு கூடிய மூங்கில் ஈட்டி, நீள் ஈட்டி, முக்கவர் சூலம், இருகை வாள் என அதில் இருப்பவை ஆறு கருவிகள் மட்டுமே. 1759இல் இளவரசர் சாதோவின் காலத்தில் அது பதினெட்டுக் கலைகளாக விரிந்தது. அவர் மகன் ஜோங்ஜோ மன்னரின் ஆணைப்படி 1790இல் யி தோக்-மு, பாக் ஜே-கா என்னும் இரு அறிஞர்களும் பேக் தோங்-சு என்னும் படைவீரரும் சேர்ந்து முயெதோபோதோங்ஜியை முடித்தார்கள். அதில் இருபத்து நான்கு கலைகள் படங்களோடு விளக்கப்பட்டிருக்கின்றன. கொரியப் போர்க்கலை வரலாற்றில் ஐயமின்றிக் கையில் எடுத்துக் காட்டத்தக்க மாபெரும் ஆவணம் இதுதான் என்பேன். இருபத்து நான்கில் வெறுங்கைக் கலை ஒன்றே ஒன்று. க்வொன்போப் எனப்படும் அதுவும் சி ஜிகுவாங்கின் நூலை வேராகக் கொண்டது.

கடலோடி எழுதியது:

ஏடுதேடி குறிப்பிட்ட இருகை வாளைப் பற்றி மேலும் சொல்ல வேண்டும். ஏனெனில், இக்கலைகளை நாட்டெல்லைக்குள் அடைத்துவைக்க முயல்வோர் அனைவருக்கும் அதன் பயணமே விடை.

16ஆம் நூற்றாண்டில் சீனக் கடற்கரையைச் சூறையாடிய கடற்கொள்ளையரோடு போரிட்டவர் சி ஜிகுவாங். அவர்களில் இருந்த ஜப்பானியரின் நீண்ட வாளைச் சமாளிக்க முடியாமல் தம் வீரர்கள் வெட்டுண்டு விழுவதைக் கண்ட அவர், 1561இல் நடந்த ஒரு மோதலில் ஜப்பானிய வாட்கலைச் சுவடி ஒன்றைக் கைப்பற்றினார். ஐசு இகோசாய் நிறுவிய காகே-ர்யூ என்னும் பள்ளியின் சுவடி அது. அதை அடிப்படையாகக் கொண்டு அவர் தம் படைக்கு நீள்வாள் பயிற்சியை வகுத்தார். அந்தப் பயிற்சி மிங் படையோடு கொரியாவுக்கு வந்து, ஹான் க்யோவின் நூலில் இடம்பிடித்து, ஜப்பானியப் படையை எதிர்ப்பதற்கே கற்பிக்கப்பட்டது. அதே காகே-ர்யூவிலிருந்து ஜப்பானில் காமிஇசுமி நோபுத்சுனா ஷின்காகே-ர்யூவை வளர்த்தெடுக்க, அதைக் கற்ற யாக்யூ குடும்பத்தார் தொகுகாவா ஷோகன்களுக்கு வாளாசிரியர்கள் ஆனார்கள். ஒரே ஊற்றிலிருந்து பிரிந்த இரு கிளைகள் கடலின் இரு கரைகளிலும் அரச மதிப்பைப் பெற்றன.

கதை இத்துடன் முடியவில்லை. தூதுக் குழுவோடு ஜப்பான் சென்று வாட்கலையைக் கற்றுத் திரும்பிய கிம் சே-கொன் என்னும் படைவீரரை 1790ஆம் ஆண்டு நூல் பெயர் சொல்லிப் பாராட்டுகிறது. அவர் கொண்டுவந்தவை ‘வேகோம்’, அதாவது ஜப்பானிய வாள் என்ற தலைப்பிலேயே அதில் பதிவாகியுள்ளன. அதே நூல் ‘ஜோசொன் செபோப்’ என்ற வாள்முறையை மாவ் யுவான்யி 1621இல் தொகுத்த சீனக் கலைக்களஞ்சியத்திலிருந்து எடுத்தாள்கிறது; அந்தச் சீனரோ அது தமக்குக் கொரியாவிலிருந்து கிடைத்ததாக எழுதியிருக்கிறார். எது எங்கிருந்து வந்தது என்பதை மறைக்காமல் எழுதிவைத்த அந்த மூவர் குழுவின் நேர்மை என்னை நெகிழச் செய்கிறது. பகைவனிடமிருந்து கற்றதைப் பகைவனின் பெயராலேயே குறித்துவைக்க அவர்கள் தயங்கவில்லை.

மல்லன் எழுதியது:

ஜப்பானியத் தரப்பைப் பற்றி வெண்பனி கேட்டதற்கு என்னால் இயன்றதை எழுதுகிறேன்.

அங்கே எழுத்துச் சான்று கூடுதலாக இருப்பது உண்மையே. இஇசாசா சோய்சாய் 15ஆம் நூற்றாண்டில் நிறுவிய காதோரி ஷிந்தோ-ர்யூ இன்றும் சிபா மாநிலத்தில் கற்பிக்கப்படுகிறது. மல்யுத்தப் பிடிகளையும் சிறு ஆயுதங்களையும் இணைத்த தாகேனோஉச்சி-ர்யூ 1532இல் தோன்றியதாகத் தன் மரபைக் குறிக்கிறது. ஆசிரியர் மாணவருக்குத் தம் கைப்பட எழுதித் தந்த சுருள்கள், உரிமைச் சான்றுகள், கோயில் காணிக்கைகள் என்று பல தடயங்கள் உள்ளன. கொரியாவில் போர்க்கலை பெரும்பாலும் அரசுப் படையின் பயிற்சியாக இருந்தது. ஜப்பானிலோ அது தனித்தனி ஆசிரியக் குடும்பங்களின் சொத்தாக, அவர்களுக்கு வாழ்வளிக்கும் தொழிலாக இருந்தது. சான்றுகள் தங்கியதற்கு இந்த வேறுபாடே முதன்மைக் காரணம் என்று கருதுகிறேன்.

ஆனால் உலகம் ஜப்பானியக் கலை என்று அறிந்திருப்பவை இந்தப் பழைய பள்ளிகள் அல்ல. ஜூடோ, கெண்டோ, கராத்தே, ஐகிடோ ஆகிய நான்கும் இன்றைய வடிவத்தைப் பெற்றது 1868இல் மெய்ஜி ஆட்சி தொடங்கிய பின்பே. 1876இல் வாள் ஏந்தத் தடை வந்தபோது சாமுராய் வகுப்பின் அடையாளமே பறிபோயிற்று. வாளாசிரியர்கள் அதற்கு முன்பிருந்தே வருவாயின்றித் தவித்தார்கள். சகாகிபாரா கென்கிசி என்னும் புகழ்பெற்ற வாள்வீரர் 1873 முதலே கட்டணம் வாங்கிப் பொதுமக்கள் முன் வாட்போட்டிகளை நடத்தியதற்கு இந்த வறுமையே காரணம். 1877இல் சத்சுமா கிளர்ச்சியை அடக்குவதில் வாளேந்திய காவல் படையினர் சிறப்பாகப் போரிட்ட பிறகே, காவல் துறை வாட்பயிற்சிக்கு மீண்டும் இடமளித்தது.

இச்சூழலில், 1882இல் தோக்கியோவின் எய்ஷோஜி என்னும் கோயிலில் சில மாணவர்களோடு கானோ ஜிகோரோ ஜூடோவின் தாய்ப் பள்ளியான கோதோகானைத் தொடங்கினார். அவர் கற்றிருந்தவை தென்ஜின் ஷின்யோ-ர்யூ, கிதோ-ர்யூ என்ற இரு ஜூஜுத்சுப் பள்ளிகள். ஆபத்தான பிடிகளை நீக்கியும், முழு வலிமையோடு எதிர்த்து ஆடும் பயிற்சியை நடுநாயகமாக்கியும், கல்வியாளர் என்ற முறையில் அதை உடல், மனம், ஒழுக்கம் மூன்றுக்குமான பாடமாக வகுத்தும் அவர் செய்தது புதிய படைப்பு. கோ என்னும் பலகை விளையாட்டில் வழங்கிய ‘டான்’ தரவரிசையை எடுத்துவந்து 1883இல் முதன்முதலாக இரு மாணவர்களுக்கு வழங்கியதும் அவரே. இன்று எந்த ஊர்ப் பயிற்சிக் கூடத்திலும் கறுப்புப் பட்டை கட்டிக்கொள்ளும் குழந்தை, அறிந்தோ அறியாமலோ, கானோவின் ஏற்பாட்டைத்தான் இடுப்பில் அணிந்திருக்கிறது.

1895இல் கியோத்தோவில் நிறுவப்பட்ட தாய் நிப்போன் புதோகு காய் என்னும் அமைப்பு இக்கலைகளைத் தரப்படுத்தியது. 1911இல் கெண்டோவும் ஜூடோவும் நடுநிலைப் பள்ளிகளுக்குள் நுழைந்தன. 1930களில் அவை போர்வெறிக்குப் பயிற்சிக்களமாகவும் பயன்பட்டன. தோல்விக்குப் பிறகு நேசநாட்டு ஆட்சி பள்ளிகளில் இவற்றைத் தடை செய்ததும், 1946இல் அந்த அமைப்பைக் கலைத்ததும் இதனால்தான். பண்டைய மரபு என்ற பெயரில் ஒரு நவீன அரசு தன் குடிமக்களை வார்த்த கதை இது. இதைப் படிக்காமல் புதோ எனப்படும் ஜப்பானியப் போர்க்கலை நெறி பற்றிப் பேசக் கூடாது.

தென்கரை வாசகர் எழுதியது:

காஞ்சியிலிருந்து சென்ற போதிதர்மரே சீனத்தின் ஷாவோலின் மடத்தில் இக்கலைகளுக்கு வித்திட்டார், அங்கிருந்தே கராத்தே பிறந்தது என்று நம் ஊரில் பரவலாக நம்பப்படுகிறதே? கராத்தே ஆசிரியர்களே இதைச் சொல்கிறார்கள். இதற்கு ஆதாரம் உண்டா?

ஏடுதேடி எழுதியது:

தென்கரை வாசகருக்கு: கராத்தேயைத் தோக்கியோவில் பரப்பிய ஃபுனகோஷி கிச்சினே தம் நூலில் இக்கதையை எடுத்துரைத்திருக்கிறார், நம் ஆசிரியர்கள் அதைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் போதிதர்மரைக் குறிப்பிடும் மிகப் பழைய சீன நூல், 547ஆம் ஆண்டளவில் யாங் சுவான்ஜி எழுதியது, அவரைப் பாரசீகத்திலிருந்து வந்த துறவி என்கிறது. தென்னிந்தியர் என்ற செய்தி அதற்கு அடுத்த மரபில் வருகிறது. இரண்டிலும் போர்க்கலை இல்லை. அவரை ஷாவோலினின் உடற்பயிற்சியோடு இணைக்கும் யிஜின்ஜிங் என்னும் நூல் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் முன்னுரைகள் போலியானவை என்பதைத் தாங் ஹாவ் முதலிய சீன ஆய்வாளர்களே நெடுநாள் முன்பு நிறுவிவிட்டார்கள். தியான மரபில் போதிதர்மருக்கு இருக்கும் இடம் மிகப் பெரியது. அவரைப் போற்ற அதுவே போதும்.

கராத்தேயின் ஊர் ர்யூக்யூத் தீவுகள். 1609 முதல் தென் ஜப்பானியச் சிற்றரசான சத்சுமாவின் பிடியிலும் சீனத்தின் திறை உறவிலும் ஒருசேர இருந்த அந்தச் சிற்றரசில், ஃபுஜியான் பகுதிக் கைப்போரும் உள்ளூர் முறையும் கலந்து வளர்ந்தன. 1879இல் ஜப்பான் அதை ஒகினாவா மாநிலமாக இணைத்துக்கொண்டது. இதோசு அங்கோ 1901இல் ஷுரி நகரில் கராத்தேயைப் பள்ளிப் பாடமாக்கினார். சிறுவர்களுக்கென்று பினான் எனப்படும் ஐந்து கட்டாக்களை, அதாவது தனியாகச் செய்து பழகும் அசைவு வரிசைகளை, அமைத்தார். அவர் மாணவர் ஃபுனகோஷி 1922இல் தோக்கியோவில் செயல்விளக்கம் அளித்து, கானோவின் ஆதரவைப் பெற்று, ஜூடோவின் உடையையும் டான் தரத்தையும் ஏற்றுக்கொண்டார். கராத்தே என்ற பெயரில் சீனத்தைச் சுட்டிய பழைய எழுத்து, ‘வெறுமை’யைச் சுட்டும் எழுத்தாக மாறியதும் இந்தக் காலத்தில்தான். 1936இல் நாஹாவில் கூடிய ஒகினாவா ஆசிரியர்கள் புதிய எழுத்தை ஏற்றார்கள். ஜப்பானின் முதன்மைத் தீவுகளில் மதிப்புப் பெற ஒகினாவாவின் கலை தன் பிறப்பை மறைத்துக்கொள்ள நேர்ந்தது. இதையே பின்னர்க் கொரியாவில் வேறு வகையில் காண்கிறோம்.

கொடிமரம் எழுதியது:

டேக்வாண்டோ கற்பிப்பவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். தொடக்கத்தில் கராத்தேயின் பங்கு இருந்ததை நான் மறுக்கவில்லை. ஆனால் டேக்வாண்டோவைப் பெயர் மாற்றிய கராத்தே என்று சொல்வது அரை நூற்றாண்டு உழைப்பை அழிப்பதாகும். மார்புக் கவசம் அணிந்து முழு வலிமையோடு உதைக்கும் போட்டி முறை, சுழன்றும் பாய்ந்தும் தொடுக்கும் உதைகள், காலை முதற்கருவியாகக் கொண்ட தாளம் ஆகியவை ஃபுனகோஷியின் கராத்தேப் பள்ளியான ஷோதோகானில் இல்லை. கொரிய மண்ணில் தேக்யொன் என்னும் உதைக்கலை ஏற்கெனவே இருந்தது; அந்தப் பழக்கமே இந்த மாற்றத்துக்கு உந்துதல் தந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மல்லன் எழுதியது:

கொடிமரம் சொல்வதில் முற்பாதியை முழுமனதோடு ஏற்கிறேன். பிற்பாதியில்தான் எனக்கு மாற்றுக் கருத்து.

தேக்யொன் உண்மையான பழங்கலை. யூ சுக் வரைந்ததாகக் கருதப்படும் 19ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்றில், கூட்டம் சூழ்ந்து நிற்க, சிருமம் என்னும் மற்போரும் தேக்யொன்னும் ஒருசேர நடப்பதைப் பார்க்கலாம். ஆடிக்கொண்டே அடிவைத்து, காலால் வாரி வீழ்த்துவது அல்லது முகத்தில் உதைப்பது அதன் வெற்றி. ஜப்பானியக் குடியேற்ற ஆட்சியில் அது ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 1893இல் பிறந்த சோங் தோக்-கி என்னும் சியோல்வாசி ஒருவரே பெரும்பாலும் அதைத் தம் உடலில் சுமந்து வைத்திருந்தார். 1983இல் அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தபோது அவருக்குத் தொண்ணூறு வயது, 1987இல் மறைந்தார். 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றதைக் காண அவர் இல்லை.

முதற்பள்ளிகளை நிறுவியவர்கள் எவரும் அவரிடம் கற்றவர்கள் அல்லர். 1944இல் சியோலில் சோங்தோக்வானைத் தொடங்கிய யி வொன்-குக்கும், அதே ஆண்டு கேசோங்கில் சோங்முக்வானைத் தொடங்கிய நோ ப்யோங்-ஜிக்கும் தோக்கியோவில் ஃபுனகோஷியிடம் பயின்றவர்கள். யுன் ப்யோங்-இன் மஞ்சூரியாவில் சீனக் கைப்போரையும், ஜப்பானில் தோயாமா கான்கென்னிடம் கராத்தேயையும் கற்றவர். முதோக்வானை நிறுவிய ஹ்வாங் கீ 1950களின் பிற்பகுதியில் முயெதோபோதோங்ஜியைக் கண்டெடுத்துப் படித்த பிறகே தம் கலைக்குச் சுபாக் என்னும் பழம்பெயரைச் சூட்டினார். இப்பள்ளிகளில் கற்பித்த ப்யோங்ஆன் வடிவங்கள், அதாவது அசைவு வரிசைகள், இதோசுவின் பினான் கட்டாக்களே.

1955இல் டேக்வாண்டோ என்ற பெயரை முன்மொழிந்த தளபதி சோய் ஹோங் ஹியும் ஜப்பானில் மாணவராக இருந்தபோது கராத்தே கற்றவர். முப்பத்தைந்து ஆண்டு அடிமைப்பட்டிருந்த மக்கள், தம்மை ஆண்ட ஜப்பானியரின் கலையைத் தம் படைவீரர்கள் பயில்வதை எப்படிச் சகித்திருப்பார்கள்? தேக்யொன்னின் ஒலியை நினைவூட்டும் பெயரைத் தேர்ந்ததும், வடிவங்களுக்குத் தங்குன், ஹ்வாராங், சுங்மு என்று நாட்டு வரலாற்றிலிருந்து பெயரிட்டதும் அந்த வலியிலிருந்து பிறந்தவை. அந்த வலியை நான் மதிக்கிறேன். அதனால்தான், அதை இரண்டாயிரம் ஆண்டுக் கதையால் மூடிவிடுவது அந்தத் தலைமுறைக்குச் செய்யும் அநீதி என்கிறேன். போட்டி முறையை 1960களில் வகுத்தவர்களும், 1972இல் சியோலில் டேக்வாண்டோ தலைமையகமான குக்கிவொன்னை எழுப்பியவர்களும், 2000இல் சிட்னியில் பதக்கப் போட்டியாக்கியவர்களும் பெயர் தெரிந்த மனிதர்கள். அவர்களின் உதைகளுக்குத் தேக்யொன் வரை செல்லாமலே, போட்டி விதிகளைக் கொண்டே விளக்கம் காணலாம்: கையால் முகத்தில் குத்துவதைத் தடுத்துக் காலுக்கு மதிப்பெண் கொடுத்தால் கால் வளரும்.

கொடிமரம் எழுதியது:

விதிகள் காலை வளர்த்தன என்பது சரி. ஆனால், அத்தகைய விதிகளை ஏன் தேர்ந்தார்கள் என்ற கேள்வி எஞ்சுகிறது. கராத்தேயினின்று விலக விரும்பியவர்கள் கையை விட்டுக் காலைப் பிடித்தது, உதையைத் தம்முடையதென்று உணர்ந்த மக்கள் நினைவால் என்றே நம்புகிறேன். ஆசிரியப் பரம்பரை வழியாக மட்டுமே மரபு கடத்தப்படும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. தெருவில் சிறுவர்கள் விளையாடும் கால் விளையாட்டிலும் அது தங்கியிருக்கும்.

கடலோடி எழுதியது:

இந்தக் கருத்து வேறுபாடு ஆவணத்தால் தீராதது. இருவர் சொல்வதையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். ஹாப்கிடோ என்னும் கொரியக் கலையை யாரும் தொடவில்லையே என்பதால் ஒரு செய்தி. சிறுவயதில் ஜப்பானுக்குக் கொண்டுசெல்லப்பட்ட சோய் யோங்-சுல், போர் முடிந்து திரும்பித் தேகுவில் கற்பித்த பிடிக்கலையே அதன் தொடக்கம். தாய்தோ-ர்யூ என்னும் ஜப்பானியப் பள்ளியின் தாகேதா சோகாகுவிடம் பல்லாண்டு இருந்ததாக அவர் கூறினார். தாகேதா தம் மாணவர் பெயர்களைப் பதிவேட்டில் எழுதிவைக்கும் வழக்கமுடையவர். அப்பதிவேடுகளில் சோயின் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் நுட்பங்களின் ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது. ஒரு கொரிய வேலைக்காரச் சிறுவனின் பெயரை அக்கால ஜப்பானியப் பதிவேடு ஏற்றிருக்குமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஏட்டில் இல்லாததாலேயே ஒருவரைப் பொய்யர் என்று தள்ளுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

வெண்பனி எழுதியது:

கேட்டதற்கும் மேலாகவே கிடைத்திருக்கிறது, அனைவருக்கும் நன்றி. முயெதோபோதோங்ஜியை ஏடுதேடி சிறப்பித்ததால் ஒரு கூடுதல் செய்தி: 2017இல் அது யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது, அதற்கு விண்ணப்பித்தது வட கொரியா. அடுத்த ஆண்டு சிருமத்தை வடக்கும் தெற்கும் இணைந்தே பண்பாட்டுப் பட்டியலில் ஏற்றின. சோய் ஹோங் ஹி 1972இல் தென்கொரியாவை விட்டுக் கனடா சென்றதும், 2002இல் பியோங்யாங்கில் மறைந்ததும், அவருடைய கூட்டமைப்பும் சியோலின் கூட்டமைப்பும் ஒரே பெயரில் இரு கலைகளாய்ப் பிரிந்து நிற்பதும் தனி இழைக்குரியவை. அதைக் கொடிமரமே தொடங்கி வைத்தால் நன்றாக இருக்கும்; இரு கூட்டமைப்புகளின் வடிவங்களையும் அருகருகே வைத்து ஒப்பிட இங்கே அவரைவிடத் தகுதியானவர் இல்லை.